கழித்துவிட்டுத் தொடங்குகிறவர்

ஐந்து நட்சத்திர ஓட்டல் மெத்தையில் ஒருவன் புரண்டு புரண்டு படுக்கிறான். தூக்கம் வரவில்லை. இத்தனை நாளும் அவன் குடியிருந்தது ஒரு சினிமாக் கொட்டகையை ஒட்டிய லாட்ஜ் அறையில். இரவுக் காட்சியின் சண்டைச் சத்தம்தான் அவனுக்குத் தாலாட்டு. ஓட்டலின் அமைதி அவனைப் பாடாய்ப்படுத்துகிறது. கடைசியில் பழைய இடத்துக்கே போய் அந்தச் சத்தத்தை டேப்பில் பிடித்துக்கொண்டு வந்து, ஓடவிட்டுத் தூங்கிப்போகிறான்.

1987-ல் வந்த ‘பேசும் படம்’ இது. கன்னடத்தில் ‘புஷ்பக விமானா’, இந்தியில் ‘புஷ்பக்’. பெயருக்கு நேர்மாறாகப் படம் முழுக்க ஒரு வசனம்கூடக் கிடையாது. தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் ‘கமல் படம்’ என்பார்கள். தப்பில்லை. ஆனால் அதை யோசித்து, எழுதி, இயக்கியவர் நெல்லூர் மாவட்டத்து உதயகிரியில் 1931-ல் பிறந்த சிங்கீதம் சீனிவாச ராவ்.

இவர் இயக்கிய படங்களின் பட்டியலைப் பார்த்தால், ஒரே பெயரில் நாலைந்து பேர் இருந்தார்களோ என்று சந்தேகம் வரும். ராஜாஜியின் கதையை வைத்து எடுத்த யதார்த்தப் படம் ஒன்று. கன்னடத்தில் ராஜ்குமாரோடு குடும்பப் படங்கள். காலை இழந்த நர்த்தகியின் உண்மைக் கதை. கால இயந்திரம் ஏறி விஜயநகரத்துக்குப் போகும் அறிவியல் புனைவு. அம்புலிமாமா வாசம் அடிக்கும் ராஜா ராணிக் கதை. பிணத்தை வைத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த நகைச்சுவை. கார்ட்டூன் படங்களும் உண்டு.

இத்தனை வகைக்கும் பொதுவாக ஒரு பழக்கம் இவரிடம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கதையிலிருந்து முக்கியமான ஒன்றை முதலிலேயே கழித்துவிடுகிறார். ‘ராஜ பார்வை’யில் நாயகனுக்குக் கண் இல்லை. ‘மயூரி’யில் நர்த்தகிக்கு ஒரு கால் இல்லை. ‘பேசும் பட’த்தில் பேச்சே இல்லை. ‘அபூர்வ சகோதரர்க’ளில் உயரம் இல்லை. கழித்த பிறகு, மிச்சம் இருப்பதை வைத்துக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்தவர், கொஞ்ச காலம் சூளூர்பேட்டையில் வாத்தியார் வேலையும் பார்த்தவர் என்பதை இங்கே சொல்லிவைக்கலாம்.

ஆனால் இந்தக் கணக்கு வாத்தியாருக்கும் ஒரு வாத்தியார் உண்டு. அவர் கே.வி. ரெட்டி. ‘பாதாள பைரவி’, ‘மாயாபஜார்’ எடுத்தவர். 1957-ல் வந்த ‘மாயாபஜா’ரில் சிங்கீதம் உதவி இயக்குநர். வடபழனி வாகினி ஸ்டூடியோவில் தெலுங்கிலும் தமிழிலும் சேர்த்தே எடுத்த படம் அது. ரங்காராவின் ‘கல்யாண சமையல் சாதம்’ பாட்டைத் தமிழர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். லட்டு தானாகப் பறந்து வந்து கடோத்கசன் வாய்க்குள் விழும். அதைப் பார்த்து நாம் வாயைப் பிளந்தோம். அந்த லட்டு எத்தனை நொடியில் எங்கே விழ வேண்டும் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் இருந்த பக்கத்தில்தான் சிங்கீதம் நின்றுகொண்டிருந்தார்.

கே.வி. ரெட்டியின் கெடுபிடி பேர்போனது. திரைக்கதை முடிவாகாமல் படப்பிடிப்பு கிடையாது. நடிகர்களை ஒத்திகை பார்க்கச் சொல்லி, ஸ்டாப்வாட்ச் வைத்து, காட்சிக்கு இத்தனை நிமிடம், பாட்டுக்கு இத்தனை நிமிடம் என்று முன்கூட்டியே அளந்துவிடுவார். எடுத்துத் தள்ளிவிட்டு அப்புறம் வெட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே அவரிடம் இடமில்லை.

அவரிடமிருந்து சீடர் எடுத்துக்கொண்ட இன்னொரு விஷயமும் உண்டு. ‘மாயாபஜா’ரில் ஒரு பீடம் வரும். அதில் ஏறியவன் மனதில் உள்ள உண்மையைக் கக்கியே ஆக வேண்டும். ஒரு பெட்டி வரும். திறந்தால் அவரவருக்கு எது மிகப் பிரியமோ அது தெரியும். மாயம்தான், ஆனால் ஒவ்வொரு மாயத்துக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. சகுனி அந்தப் பீடத்தில் ஏறும்போது நாம் சிரிப்பதற்குக் காரணம், அந்தச் சட்டம் நமக்கு முன்பே தெரியும் என்பதுதான். நம்ப முடியாத ஒன்றை ஒரே ஒரு முறை நம்பச் சொல், அதற்குப் பிறகு தர்க்கத்தை மீறாதே. சிங்கீதத்தின் வித்தை எல்லாமே இதிலிருந்து கிளைத்தது என்பேன்.

பல மொழிகளில் படம் எடுத்ததைப் பெரிய அதிசயமாகச் சொல்வார்கள். அன்றைய சென்னையை நினைத்துப் பார்த்தால் அது அவ்வளவு அதிசயமில்லை. தெலுங்கு சினிமாவின் தலைநகரம் அப்போது கோடம்பாக்கமும் வடபழனியும்தான். ஒரு தளத்தில் தெலுங்கு, அடுத்த தளத்தில் தமிழ், அதற்கடுத்து கன்னடம் என்று ஓடிக்கொண்டிருக்கும். ஒளிப்பதிவாளர்களும் இசைக்காரர்களும் மொழி பார்க்காமல் வேலை செய்தார்கள். நெல்லூர்க்காரர் ஒருவர் அங்கே பதினைந்து வருஷம் இருந்தால் நாலு மொழி ஒட்டிக்கொள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கன்னடத்தில் மாற்று சினிமாவுக்குத் தொடக்கமாகச் சொல்லப்படும் ‘சம்ஸ்காரா’விலும் (1970) இவருடைய உழைப்பு உண்டு. அந்தப் படத்தை இயக்கிய பட்டாபிராம ரெட்டியும் நெல்லூர்க்காரரே.

முதல் படம் ‘நீதி நிஜாயிதி’ 1972-ல் வந்தது; பெரிதாகப் பேசப்படவில்லை. இரண்டு வருஷம் கழித்து, யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து ‘திக்கற்ற பார்வதி’. குடி ஒரு ஏழைக் குடும்பத்தை எப்படிச் சிதைக்கிறது என்பதைச் சொல்லும் ராஜாஜியின் கதை. லட்சுமியும் ஸ்ரீகாந்தும் நடித்தார்கள், வீணை சிட்டிபாபு இசையமைத்தார். தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. அதோடு நின்றிருந்தால் ‘கலைப்பட இயக்குநர்’ என்ற முத்திரை விழுந்திருக்கும். மனிதர் நேரே போய் தெலுங்கில் ‘ஜமீந்தார் காரி அம்மாயி’, ‘அமெரிக்கா அம்மாயி’, ‘பந்துலம்மா’ என்று வெகுஜனப் படங்களை எடுத்தார். முத்திரைக்கு மாட்டாமல் நழுவுவது அப்போதே தொடங்கிவிட்டது.

கமலுடன் கூட்டு ‘சொம்மொகடிதி சோகொகடிதி’ (1979) என்ற தெலுங்குப் படத்தில் தொடங்கி, 1981-ல் ‘ராஜ பார்வை’க்கு வந்தது. கமலின் நூறாவது படம், தயாரிப்பாளராக அவருக்கு முதல் படம். கண் தெரியாத வயலின் கலைஞன் கதை. பொதுவாக நம் சினிமாவில் பார்வையற்றவர் என்றால் பரிதாபம், ஒரு சோகப் பாட்டு, கடைசியில் அறுவை சிகிச்சை செய்து கண் திறக்கும். இதில் அந்த அறுவை சிகிச்சை இல்லை. அவன் நையாண்டி பேசுகிறான், கோபப்படுகிறான், காதலிக்கிறான். வசூல் கைகொடுக்கவில்லை. இன்று ‘அந்தி மழை பொழிகிறது’ பாட்டை முணுமுணுக்கிறவர்களில் பாதிப் பேராவது அன்றைக்கு டிக்கெட் வாங்கியிருந்தால் கமலுக்குக் கடன் சுமை குறைந்திருக்கும்.

கன்னடப் பகுதியை வேகமாகத் தாண்டுகிறேன், நான் அதிகம் பார்க்காத பகுதி அது. ‘ஹாலு ஜேனு’, ‘சலிசுவ மோடகளு’, ‘எரடு நட்சத்திரகளு’ என்று எண்பதுகளின் முதல் பாதியில் ராஜ்குமாருக்கு வரிசையாகப் படங்கள் செய்தார். ராஜ்குமாரின் மகன் சிவராஜ்குமார் நாயகனாக அறிமுகமான ‘ஆனந்த்’ (1986) இவர் இயக்கியதுதான். ஒரு மாநிலமே கொண்டாடும் குடும்பம் மூத்த பிள்ளையை ஒரு தெலுங்கு இயக்குநர் கையில் ஒப்படைத்தது என்றால், அங்கே அவருக்கு இருந்த மதிப்பு தெரியும்.

‘மயூரி’ (1985) வேறு விதமான சவால். சுதா சந்திரன் 1981-ல் திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்துக்குப் பிறகு ஒரு காலை இழந்தவர். ஜெய்ப்பூர் செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டு மறுபடி மேடை ஏறியவர். அவர் கதையைப் படமாக்கியபோது நாயகியாக அவரையே நடிக்க வைத்தார்கள். வேறு நடிகையைப் போட்டிருந்தால், கேமரா கால் பக்கம் போகும்போதெல்லாம் ஏமாற்றியாக வேண்டும். இங்கே கேமரா ஒளிக்கவேண்டியது எதுவுமில்லை. அந்தப் படத்துக்கு ஆந்திர அரசின் நந்தி விருதுகள் 14 கிடைத்தன.

இரண்டு வருஷத்தில் ‘பேசும் படம்’. கே.வி. ரெட்டியிடம் இருந்தபோது, ஒரு பாத்திரம் பேசாமலே பயத்தைக் காட்ட வேண்டிய காட்சி ஒன்று வந்ததாகவும், முழுப் படத்தையே இப்படி எடுத்தால் என்ன என்ற யோசனை அங்கேதான் முளைத்ததாகவும் சிங்கீதம் சொல்லியிருக்கிறார். முப்பது வருஷம் மனதில் கிடந்த யோசனை. வசனம் இல்லாத படத்துக்கு யார் பணம் போடுவார்கள்? கடைசியில் கன்னட நடிகர் சிருங்கார் நாகராஜ் முன்வந்தார். பெங்களூரில், விண்ட்சர் மேனர் ஓட்டலில் பெரும்பகுதி எடுத்தார்கள்.

இதை ‘ஊமைப் படம்’ என்று சொல்வது சரியில்லை. ஊமைப் படக் காலத்தில் ஆட்கள் வாயசைப்பார்கள், வசனம் அட்டையில் எழுத்தாக வரும். இங்கே ஊர் இரைச்சல் அத்தனையும் காதில் விழுகிறது. வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு யாரும் அபிநயம் பிடிப்பதும் இல்லை. பேச வேண்டிய அவசியமே வராத இடங்களில் மட்டும் கதை நடக்கிறது. அவன் ஒரு ஜன்னலில், அவள் எதிரே தூரத்தில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். கூட்டத்தில், வரிசையில், படிக்கட்டில். திரைக்கதையில் இருந்த உழைப்பு அதுதான்: வாய் திறந்தால் இயல்பாகிவிடும் சூழல் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே கண்டுபிடித்து ஒதுக்குவது.

பனிக்கட்டிக் கத்தியும் அந்த ரகம். டினு ஆனந்த் நடித்த வாடகைக் கொலைகாரன், ஐஸ் பெட்டியில் கத்தியைச் சுமந்து திரிகிறான். குத்தினால் கத்தி உருகிவிடும், தடயம் இருக்காது. பிரமாதமான யோசனை. ஆனால் குத்துவதற்கு முன்பே உருகிவிடுகிறது. ஆயுதத்தின் சட்டம் ஒன்றுதான், அவனுக்குச் சாதகமாக இருந்த அதுவே அவனைக் கோமாளியாக்குகிறது. சகுனி ஏறிய பீடம் ஞாபகம் வரவில்லையா?

எனக்கு இதைவிடப் பிடித்தது அந்தப் பிச்சைக்காரன். வேலையில்லாத நாயகன் சில்லறையைக் காட்டிப் பெருமைப்பட, பிச்சைக்காரன் நோட்டுக் கட்டைக் காட்டுவான். பிறகு ஒருநாள் அவன் செத்துக் கிடக்க, அவன் படுக்கைக்கு அடியிலிருந்த பணத்துக்குக் கூட்டம் அடித்துக்கொள்ளும். பிணத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வசனம் இருந்திருந்தால் யாராவது ஒருவர் தத்துவம் பேசிக் கெடுத்திருப்பார்.

1989-ல் ‘அபூர்வ சகோதரர்கள்’. முதலில் வேறு கதையோடு கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள், திருப்தி இல்லை. பஞ்சு அருணாசலத்திடம் போனபோது, அப்பாவைக் கொன்றவர்களைப் பழிவாங்கும் கதையாக அவர் மாற்றிக் கொடுத்தார். எடுத்ததை ஓரங்கட்டிவிட்டு மறுபடி தொடங்கினார்கள். கமல் எப்படிக் குள்ளன் அப்பு ஆனார் என்பது பல வருஷம் பெரிய ரகசியம். எங்கள் பள்ளியில் இதற்கென்றே கட்சிகள் இருந்தன. காலை மடித்துக் கட்டினார்கள் என்று ஒரு கட்சி, கண்ணாடி வைத்து ஏமாற்றினார்கள் என்று ஒரு கட்சி. சிங்கீதம் பிற்பாடு விளக்கியதில் தெரிந்தது, ஒரே தந்திரத்தை நம்பி அவர்கள் எடுக்கவில்லை என்பது. முன்னாலிருந்து பார்க்கும் காட்சிகளுக்கு மடித்த முழங்காலில் மாட்டும் பிரத்யேகக் காலணி. சில காட்சிகளுக்கு முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி அதில் நடப்பது. உட்காரும் காட்சிகளுக்குச் செயற்கைக் கால்கள். கேமரா எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்து வித்தை மாறும். கணினி வரைகலை இல்லாத காலத்தில் ஒவ்வொரு ஷாட்டையும் தனித்தனிக் கணக்காகப் போட்டிருக்கிறார்கள். ஒரே முறையில் எடுத்திருந்தால் இரண்டாவது ரீலிலேயே நாம் கண்டுபிடித்திருப்போம்.

அடுத்த வருஷத் தீபாவளிக்கு ‘மைக்கேல் மதன காமராஜன்’. நாலு கமல், கிரேசி மோகன் வசனம். அதை வசனத்துக்காகவே கொண்டாடுகிறோம், சாம்பாரில் மீன் விழுந்ததை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் ஆள்மாறாட்டக் கதையில் சிரிப்பு வர வேண்டுமானால், எந்த நொடியில் யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்பது பிசகக்கூடாது. பாலக்காட்டுச் சமையல்காரன் காமேஸ்வரனை மதன் என்று நினைப்பவர் யார், ராஜுவை மைக்கேல் என்று நினைப்பவர் யார் என்று பார்ப்பவனுக்கு ஒரு இடத்திலும் குழம்பவில்லை. மலை விளிம்பில் வீடு ஆடும் கடைசிக் காட்சியில் அத்தனை பேரையும் ஒரே கூரைக்குக் கீழே அடைத்தும் குழம்பவில்லை. கே.வி. ரெட்டியின் ஸ்டாப்வாட்ச் அங்கே ஓடுவதாகவே எனக்குக் கேட்கும்.

சரி, இந்தப் படங்கள் கமலுடையவையா, சிங்கீதத்துடையவையா? இந்தச் சண்டை ஓயாது. கமல் இல்லாமல் சிங்கீதம் என்ன செய்தார் என்று பார்த்தால் கொஞ்சம் தெளியும். கமலின் கற்பனைக்குக் கரை கட்டத் தெரிந்தவர் இவர் என்பது என் எண்ணம். கரை இல்லாத ஆறும் அழகுதான், ஆனால் பாசனத்துக்கு உதவாது.

கமல் இல்லாத பெரிய உதாரணம் ‘ஆதித்யா 369’ (1991). கல்லூரி நாட்களில் படித்த எச்.ஜி. வெல்ஸின் கால இயந்திரக் கதை இவரை விட்டுப் போகவில்லை. தயாரிப்பாளர் சிவலெங்க கிருஷ்ண பிரசாத்திடம் இந்த யோசனையைக் கொண்டுசேர்த்ததில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நாயகன் பாலகிருஷ்ணா, இசை இளையராஜா. நிகழ்காலத்திலிருந்து கிருஷ்ணதேவராயர் சபைக்கும், அங்கிருந்து உலகப்போருக்குப் பின் மனிதர்கள் நிலத்துக்கடியில் வாழும் எதிர்காலத்துக்கும் கதை போகிறது. தெலுங்குப் பார்வையாளருக்குக் கால இயந்திரம் என்றால் என்னவென்றே தெரியாத காலம். அதனால் அந்நியமான இயந்திரத்தை ஏற்றி, அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடத்தில் கொண்டுபோய் இறக்கினார். ராயர் சபை, தெனாலி ராமன், ஒரு நாட்டியப் போட்டி. ராயராகவும் பாலகிருஷ்ணாவே. என்.டி. ராமாராவின் மகனுக்குக் கிரீடம் வைத்தால் அங்கே யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். தமிழில் ‘அபூர்வ சக்தி 369’ என்று டப் ஆகி வந்தது.

1994 இவருடைய வாழ்க்கையில் விசித்திரமான வருஷம். தமிழில் ‘மகளிர் மட்டும்’, தெலுங்கில் ‘பைரவ த்வீபம்’. முதலாவது, அலுவலகத்தில் மேலதிகாரியின் தொல்லைக்கு ஆளாகும் மூன்று பெண்களின் கதை. ரேவதி, ஊர்வசி, ரோகிணி; அதிகாரி நாசர். வேலையிடத்துப் பாலியல் தொல்லை குறித்து விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்ததே 1997-ல்தான். அதற்கு மூன்று வருஷம் முன்பே இதை நகைச்சுவையாகச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். கமல் தயாரித்தார். பிணமாக நாகேஷ். நாகேஷ் போன்ற ஒரு நடிகரிடமிருந்து அசைவு, பேச்சு, கண் மூன்றையும் பறித்துக்கொண்டு ‘இப்போது சிரிக்க வையுங்கள்’ என்று கேட்டிருக்கிறார்கள். கழித்தல் கணக்கில் இதற்குமேல் கழிக்க ஒன்றும் இல்லை. அவரும் சிரிக்க வைத்தார்.

‘பைரவ த்வீபம்’ அதற்கு நேர் எதிர்த் திசை. சந்தமாமா விஜயா கம்பைன்ஸ் தயாரிப்பு. அந்தச் சந்தமாமாதான் நம் வீடுகளில் அம்புலிமாமா. மந்திரவாதி, இளவரசி, தீவு எல்லாம் உண்டு. அதற்குள்ளும் பழைய பழக்கம் விடவில்லை. இளவரசியைக் காப்பாற்ற நாயகன் சாபத்தை வாங்கிக்கொண்டு, கூன் விழுந்த குரூபியாக மாறுகிறான். பாலகிருஷ்ணாவைப் பார்க்க வந்த கூட்டத்திடமிருந்து பாலகிருஷ்ணாவின் முகத்தைக் கழித்துவிட்டார்!

தோல்விகளும் உண்டு. ‘ஸ்ரீகிருஷ்ணார்ஜுன விஜயம்’ (1996) எடுபடவில்லை. அதில் எல்லாமே இருந்தது, புராணம், அலங்காரம், பாலகிருஷ்ணாவுக்கு இரட்டை வேடம். இவர் மல்லுக்கட்டுவதற்கு ஒரு குறைதான் இல்லை. ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ (2005) பற்றி அப்படிச் சொல்ல முடியாது, அங்கே குறை இருந்தது. நாயகனுக்குக் காது சரியாகக் கேட்காது. போதாததற்குப் படச்சுருளையும் கழித்துவிட்டு டிஜிட்டலில் எடுத்தார்கள், இங்கே அது புதுசு. ஆனால் காது கேளாமை சில சிரிப்புத் துணுக்குகளுக்குப் பயன்பட்டதே தவிர, கதையின் சட்டமாக மாறவில்லை. ‘சந்திரமுகி’ வந்த அதே நாளில் வந்தது வேறு. அந்தப் புத்தாண்டில் கூட்டம் எந்தப் பக்கம் போனது என்று சொல்லவேண்டியதில்லை.

அதற்கு முன்னும் பின்னும் அனிமேஷன் பக்கம் போனார். ‘சன் ஆஃப் அலாவுதீன்’ 2003-ல், ‘கடோத்கச்’ 2008-ல். எண்பது வயதைத் தாண்டிய பிறகு வாடகைத்தாய் பற்றி ‘வெல்கம் ஒபாமா’ (2013).

2020-ல், நாக் அஸ்வின் இயக்கும் அறிவியல் புனைவு ஒன்றின் திரைக்கதைக்கு வழிகாட்டியாக இவரைச் சேர்த்துக்கொண்டதாக வைஜெயந்தி மூவிஸ் அறிவித்தது. அது 2024-ல் ‘கல்கி 2898 ஏடி’ என்று வெளியானது. குருக்ஷேத்திரத்தில் தொடங்கி, பல நூற்றாண்டு தாண்டிய ஒரு பாழான எதிர்காலத்தில் நடக்கும் கதை. ஒரு முனையில் பாரதம், மறு முனையில் கால இயந்திரக்காரரின் உலகம். இரண்டு பக்கமும் வேலை பார்த்தவர் என்று கூப்பிட, அந்தத் தயாரிப்பு நிறுவனத்துக்கு எண்பத்தொன்பது வயதுக்காரர் ஒருவர்தான் கிடைத்திருப்பார்.